கொடி நட்ட இடத்தில்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் இருவர் சண்டை

அயர்ன்ஃபோர்ஜ் நகரத்தின் பெருவாயிலுக்கு வெளியே, பனி மூடிய சரிவில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்னும் இணைய விளையாட்டின் எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாத ஒரு களம் இருக்கிறது. அதற்கு எல்லைக்கோடு வகுத்தவர் யாருமில்லை. நடுவராக நிற்பவரும் இல்லை. ஆனாலும் மக்கள் நிறைந்த சர்வர் ஒன்றில் மாலை வேளையில் அங்கே போய் நின்றால், இருவர் இருவராகப் பிரிந்து மோதிக்கொள்வதையும், தோற்றவர் மூச்சு வாங்கியபடி அமர்ந்து தண்ணீர் குடிப்பதையும், அடுத்த வாய்ப்புக்காகச் சிலர் ஓரமாகக் காத்திருப்பதையும் காணலாம். இந்நகரம் அலையன்ஸ் அணிக்கு உரியது; எதிர் அணியான ஹோர்டின் பக்கத்தில் இதே காட்சி ஆர்க்ரிமார் நகர வாயிலுக்கு முன்னால், டுரோட்டாரின் செம்மண்ணில் அரங்கேறுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களின் சண்டைகளுக்கோ ஸ்டார்ம்விண்ட் நகரை அடுத்த கோல்ட்ஷயர் என்னும் சிற்றூர் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கின் டன்ஜன்களையும் ரெய்டுகளையும், அதாவது குழுவாகச் சென்று அரக்கர்களை வெல்லும் குகைகளையும் பெரும்படையெடுப்புகளையும், பற்றிப் போதிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கே மதிப்பிட விரும்புவது அதன் மிகச் சிறிய அம்சத்தை: டூயல் என்று எல்லோரும் அழைக்கும் அந்த இருவர் சண்டையை.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று வெளியிட்ட மூல விளையாட்டு, விரிவாக்கம் மேல் விரிவாக்கமாக வளர்ந்து அடையாளமே மாறிய பிறகு, அதன் தொடக்க கால வடிவத்தை 2019 ஆகஸ்டில் அதே நிறுவனம் தனிச் சர்வர்களில் மீண்டும் திறந்தது. பாத்திரம் எட்டக்கூடிய உச்ச நிலை 60. தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க விலையில் மாதம் 14.99 டாலராக உள்ள பொதுச் சந்தாவிலேயே கிளாசிக்கும் அடங்கும். 2023-இல், ஒருமுறை இறந்தால் பாத்திரம் திரும்பாத ஹார்ட்கோர் சர்வர்களும், 2024 நவம்பரில் இருபதாம் ஆண்டு நிறைவுச் சர்வர்களும் வந்தன. இவை எல்லாவற்றிலும் டூயலின் அடிப்படை ஒன்றுதான்.

அந்த அடிப்படை மிக எளிமையானது. எதிரே நிற்பவரின் படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து சண்டைக்கு அழைக்கலாம், அல்லது அரட்டைப் பெட்டியில் டூயல் என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்யலாம். இருவருக்கும் நடுவில் ஒரு கொடி நடப்படும். அழைக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கை ஓடிச் சண்டை தொடங்கும். கொடியிலிருந்து வெகுதூரம் விலகிப் போனால் திரும்பி வருவதற்குப் பத்து நொடி அவகாசம் உண்டு. அதற்குள் வராதவர் ஓடிப்போனவராகக் கருதப்படுவார். உயிர்ப்புள்ளி ஒன்றில் சண்டை நின்றுவிடும், யாரும் சாவதில்லை. தோற்றவரின் பாத்திரம் தானாகவே மண்டியிட்டு மன்றாடும். யார் யாரை வென்றார் என்ற ஒரு வரி அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் அரட்டைப் பெட்டியில் தோன்றும். அவ்வளவுதான். அனுபவப் புள்ளி கிடையாது, தங்கம் கிடையாது, மானப் புள்ளியும் சேராது. தோற்றவரின் கவசத்துக்குத் தேய்மானமும் இல்லை. அடுத்த நிமிடமே அந்த வெற்றிக்கோ தோல்விக்கோ விளையாட்டின் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

எதையும் தராத இந்த வெறுமைதான் டூயலின் முழுமையான மதிப்பு என்பது என் முடிவு. மற்ற எல்லாச் செயல்களுக்கும் இந்த விளையாட்டு கூலி கொடுக்கிறது. பன்றியைக் கொன்றால் புள்ளி, குகையை முடித்தால் வாள், போர்க்களத்தில் நின்றால் பட்டம். கூலி இருக்கும் இடத்தில் மனிதர்கள் கூலிக்கான மிகக் குறுகிய வழியைத் தேடுவார்கள்; அதில் பிழை ஏதுமில்லை. டூயலில் அப்படித் தேடுவதற்கு ஒன்றுமே இல்லாததால், அங்கே வந்து நிற்பவர் எதிராளியைப் புரிந்துகொள்ளவோ, தன்னைச் சோதித்துக்கொள்ளவோ, நண்பரோடு அரைமணி நேரத்தை இன்பமாகக் கழிக்கவோதான் வந்திருக்கிறார் என்று நம்பலாம்.

நான் விளையாடுவது நோம் இனத்து மேஜ், அதாவது மந்திரவாதி, பனி மந்திரங்களில் தேர்ந்தவள். 60-ஆம் நிலையை எட்டியபோது என் மந்திரங்கள் எல்லாவற்றையும் அறிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். அயர்ன்ஃபோர்ஜ் வாயிலில் மறைந்திருந்து தாக்கும் ரோக் ஒருவரிடம் அடுத்தடுத்து ஏழு முறை தோற்ற இரவில்தான் எனக்குத் தெரிந்தது, கணினி இயக்கும் அரக்கர்களோடு சண்டையிடுவது ஒரு மொழியின் எழுத்துகளைப் படிப்பது போன்றது, மனிதரோடு மோதுவது அந்த மொழியில் வாதாடுவது போன்றது என்று. அரக்கன் நேராக வருவான். காலை உறையவைத்தால் நின்றுவிடுவான். ரோக் வரும்போது கண்ணுக்கே தெரிவதில்லை. எண்ணிக்கை முடிவதற்குள் மறைந்துவிடுகிறார். பின்னாலிருந்து முதல் அடி விழும்போது நான்கு நொடிகள் அசைய முடிவதில்லை. அது தெளிவதற்குள் அடுத்த முடக்கம் வந்துவிடுகிறது. உயிர்ப்புள்ளி பாதியாகக் கரைந்த பிறகே முதல் மந்திரத்தைச் சொல்ல வாய்ப்பு கிடைக்கும்.

எட்டாவது சண்டைக்கு முன் அந்த ரோக்கே எனக்கு ஒரு பாடம் சொன்னார். ஆர்கேன் எக்ஸ்ப்ளோஷன் என்னும் மந்திரத்தின் முதல் படியை, அதாவது மிகக் குறைந்த மனா (மந்திர ஆற்றல்) செலவாகும் தொடக்க வடிவத்தை, சண்டை தொடங்கியதுமே ஓடியபடி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதன் சேதம் மிகச் சொற்பம். ஆனால் சுற்றிலும் உள்ள எல்லாவற்றின் மீதும் படுவதால், மறைந்திருப்பவர் மேல் ஒருமுறை பட்டாலே அவர் வெளிப்பட்டுவிடுவார். கிளாசிக்கில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் பல படிகள் உள்ளன. மேல் படி கிடைத்ததும் கீழ்ப் படியை மறந்துவிடுவது இயல்பு. ஆனால் ஃப்ராஸ்ட்போல்ட் என்னும் பனி மந்திரத்தின் முதல் படியும் எதிராளியின் வேகத்தைக் குறைக்கும். அதைச் சொல்லி முடிக்க ஆகும் நேரமும் குறைவு, மனாவும் குறைவு. இதை விளையாட்டு தரும் எந்தக் குவெஸ்ட் பணியும் கற்பிப்பதில்லை, எந்த டன்ஜனும் கேட்பதில்லை. டூயல் களத்தில்தான் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தன்னை வெல்லும் வழியைத் தானே எதிராளிக்குச் சொல்லும் பெருந்தன்மையும், பரிசு ஏதும் இல்லாத இந்த இடத்தில் இயல்பாகவே வந்துவிடுகிறது.

மேஜ், ரோக் போன்ற ஒவ்வொரு வகுப்போடும் மோதும்போது வெவ்வேறு அறிவு தேவைப்படுகிறது. கைச்சண்டையிடும் வாரியர் சண்டைக்குள் நுழைந்த பிறகு சார்ஜ் செய்து பாய முடியாது. ஆகவே அவருடைய முதல் பாய்ச்சலைத் தாங்கி, காலை உறையவைத்து, பிளிங்க் மந்திரத்தால் விலகிவிட்டால், அதன் பிறகு தூரத்தைக் காப்பதே ஆட்டம். கைட்டிங் என்று அழைக்கப்படும் இந்த ஓடிக்கொண்டே அடிக்கும் கலையில் எதிராளியின் வேகத்தையும் தன் மந்திரங்களின் காத்திருப்பு நேரத்தையும் ஒரே சமயத்தில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஹன்டரிடம் நிலைமை தலைகீழ். அவருக்கு எட்டு யார்டுக்கு உள்ளே அம்பெய்ய முடியாது. ஐந்து யார்டுக்கு அப்பால் கைச்சண்டை எட்டாது. இடையிலுள்ள அந்த மூன்று யார்டு இடைவெளியை விளையாட்டாளர்கள் டெட் சோன் என்கிறார்கள். எதிராளி அந்த இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க முயல்வதும், ஹன்டர் அதிலிருந்து வெளியேறப் போராடுவதும் பார்ப்பதற்கு நடனம் போலிருக்கும். விளையாட்டின் வடிவமைப்பில் இருந்த ஒரு குறை டூயலில் ஓர் உத்தியாகவே வளர்ந்துவிட்டது.

மந்திரவாதிகள் இருவர் மோதும்போது நடப்பதோ வேறு வகையான போர். மேஜின் கவுன்டர்ஸ்பெல், எதிராளி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பட்டால், அந்த வகை மந்திரங்கள் அனைத்தையும் பத்து நொடிக்குப் பூட்டிவிடும். பனி மந்திரத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்தப் பத்து நொடி ஒரு யுகம். ஆகவே தேர்ந்தவர்கள் ஒரு மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவது போலக் காட்டி, பாதியில் தாமே நிறுத்திவிடுவார்கள். எதிராளி ஏமாந்து கவுன்டர்ஸ்பெல்லை வீணாக்கினால், அடுத்த முப்பது நொடி களம் இவருடையது. ஃபேக் காஸ்ட் என்னும் இந்தப் பொய்த் தொடக்கத்துக்கு எதிராளி எவ்வளவு பொறுமைசாலி என்ற கணிப்பு வேண்டும். அதே நபரோடு பத்து முறை மோதியவருக்குத்தான் அந்தக் கணிப்பு கிடைக்கும். ஒரே மாலையில் ஒரே எதிராளியோடு மீண்டும் மீண்டும் மோதுவதற்கு இந்த விளையாட்டில் டூயலைத் தவிர வேறு எளிய வழி கிடையாது.

இங்கே பழைய நுட்பச் செய்தி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2004 காலத்துச் சர்வர்கள் மந்திரங்களின் விளைவுகளைத் தனித்தனியாக அல்லாமல் சிறு கட்டுகளாகச் சேர்த்தே கணக்கிட்டன. 2019-இல் கிளாசிக் வெளியானபோது அந்த இயல்பையும் திட்டமிட்டே மீட்டுக் கொண்டுவந்தார்கள். அதன் பயனாக, இரண்டு மேஜ்கள் ஒருவரையொருவர் ஏறத்தாழ ஒரே நொடியில் ஆடாக மாற்ற முயன்றால், இருவருமே ஆடாகி அருகருகே உலவுவார்கள். 2021-இல் அந்தக் கட்டின் நீளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. பழமை விரும்பிகள் சிலர் வருந்தினாலும், டூயலுக்கு அது நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். முன்பு யாருடைய விரல் முந்தியது என்பதைச் சர்வரின் தாளம் மறைத்துவிட்டது, இப்போது முந்தியவருக்கே பலன் கிடைக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். டூயலுக்கு இந்த விளையாட்டு விதிகள் எதையும் தரவில்லை. 20-ஆம் நிலையில் இருப்பவரை 60-ஆம் நிலையில் இருப்பவர் அழைக்கலாம். எந்தப் பானத்தையும் குடிக்கலாம், எந்தப் பொறியையும் வீசலாம். ஃப்ரீ ஆக்‌ஷன் போஷனைக் குடித்த வாரியரின் காலை உறையவைக்கவோ வேகத்தைக் குறைக்கவோ அரை நிமிடத்துக்கு முடியாது. பனி மேஜுக்கு அத்தோடு சண்டை முடிந்த மாதிரிதான். எஞ்சினியரிங் என்னும் விளையாட்டுத் தொழிலைக் கற்றவர் கையெறி குண்டால் முடக்கலாம், பனி மந்திரத்தைத் திருப்பி அனுப்பும் கருவியை இயக்கலாம். பாலடின் வகுப்பினரின் லே ஆன் ஹேண்ட்ஸ் ஒரே சொல்லில் முழு உயிர்ப்புள்ளியையும் மீட்டுத் தரும்; அதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். வாரியரின் ரெக்லெஸ்னெஸ் என்னும் ஆற்றலுக்கு அரை மணி நேரக் காத்திருப்பு. இத்தகைய நீண்ட கூல்டவுன்களை, அதாவது மீண்டும் பயன்படுத்த நெடுநேரம் காத்திருக்க வேண்டிய ஆற்றல்களை, செலவழித்து வென்ற சண்டை எதை நிரூபிக்கிறது என்ற கேள்வி எப்போதும் எழும். முதல் சண்டையில் எல்லாவற்றையும் பயன்படுத்தி வென்றவர், இரண்டாவது சண்டைக்கு அழைத்தால் விலகிப் போவதும் உண்டு. மேலும், இலவசம் என்று சொன்னாலும் டூயல் முற்றிலும் செலவற்றதல்ல. ரோக் சண்டைக்கு நடுவே மறையும் வேனிஷ் உத்தியை ஒவ்வொரு முறை செய்யும்போதும் ஃப்ளாஷ் பவுடர் ஒன்று தீரும். இரவு முழுவதும் மோதினால் பை காலியாகிவிடும்.

இந்த வெற்றிடத்தை விளையாட்டாளர்களே மரபுகளால் நிரப்பியிருக்கிறார்கள். கொடி நடுவதற்கு முன் பானம் உண்டா, பெரிய கூல்டவுன் உண்டா என்று கேட்பது நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. சண்டை முடிந்ததும் இருவரும் அமர்ந்து முழுமையாக மீளும்வரை அடுத்த அழைப்பை விடுக்காமல் இருப்பதும், மேஜ் எதிராளிக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுப்பதும், வேடிக்கை பார்க்கும் ப்ரீஸ்ட் தோற்றவரைக் குணப்படுத்துவதும் எழுதப்படாத நாகரிகங்கள். இவற்றை மீறுபவர்களும் இருக்கிறார்கள். ஏலச் சந்தைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருப்பவரை விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பவர்களின் தொல்லை தாங்காமல், அழைப்புகளைத் தானாகவே மறுக்கும் ஆட்ஆன் என்னும் துணை மென்பொருள்களை நிறுவிக்கொண்டவர்கள் பலர். இருவரின் சம்மதமும் இருந்தால்தான் சண்டை என்பது டூயலின் உயிர்நாடி. அந்தச் சம்மதத்தைக் கேட்கும் முறையே தொல்லையாக மாறுவது பெருங்குறைதான். நகரங்களுக்குள் டூயலுக்கு அனுமதி இல்லை என்பது மட்டுமே சற்று ஆறுதல்.

விதிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வசதி எப்படி இருக்கும் என்பதற்கு ரூன்ஸ்கேப் நல்ல எடுத்துக்காட்டு. ஜேகெக்ஸ் நிறுவனத்தின் அந்த விளையாட்டில் அல் கரீட் நகரத்துக்கு அருகே டூயல் அரீனா என்று தனி அரங்கமே இருந்தது. சண்டைக்கு முன் இருவர் முன்னும் ஒரு பலகை திறக்கும். பானம் கூடாது, பிரார்த்தனை கூடாது, நகரக் கூடாது, இன்ன ஆயுதம் மட்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்து இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே களத்தில் இறங்குவார்கள். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை வார்கிராஃப்ட் இன்றுவரை செய்யவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆனால் அதே பலகையில் பந்தயப் பொருள் வைப்பதற்கும் இடம் இருந்தது. பந்தயம் நுழைந்ததும் எல்லாம் திரிந்தது. திறமைக்கு இடமுள்ள சண்டைகளைவிட, ஆயுதமின்றி வெறுங்கையால் மாறிமாறிக் குத்திக்கொள்ளும், ஏறத்தாழ நாணயம் சுண்டுவதற்கு நிகரான சண்டைகள் பெருகின. சம்பாதித்த செல்வம் முழுவதையும் ஒரே சண்டையில் இழந்தவர்கள் ஏராளம். விளையாட்டுத் தங்கத்தை உண்மைப் பணத்துக்கு விற்கும் தரகர்களுக்கும் அது வசதியாயிற்று. 2007 டிசம்பரில் பந்தயத் தொகைக்குக் கடுமையான வரம்பு வந்தது. பிற்காலத்தில் அதன் பழைய வடிவமான ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பந்தயம் மீண்டும் தழைத்து, கடைசியில் 2022-இல் அரங்கத்தையே அகற்றிவிட்டு, பந்தயமில்லாத புதிய அரங்கத்தை அங்கே வைத்தார்கள். ரூன்ஸ்கேப்பிடம் விதிப்பலகை இருந்தது, கூடவே பந்தயமும் இருந்தது. வார்கிராஃப்டிடம் இரண்டுமே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், விதியே இல்லாவிட்டாலும் பந்தயம் இல்லாத களத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ரோல்ப்ளே சர்வர்களில், அதாவது தம் பாத்திரமாகவே பேசிப் பழகும் மக்கள் கூடும் இடங்களில், டூயலின் பங்கு வேறாகிறது. ஐரோப்பாவின் ஹைட்ராக்ஸியன் வாட்டர்லார்ட்ஸ், அமெரிக்காவின் ப்ளட்செய்ல் பக்கனியர்ஸ் போன்றவை அந்த வகைச் சர்வர்கள். அங்கே இரு கதாபாத்திரங்களுக்குள் ஒரு பகை முற்றிவிட்டால், அதைத் தீர்க்கும் வழியாக டூயல் அமைவது இயல்பு. ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. கதையில் நாற்பது ஆண்டுகள் போர்க்களம் கண்ட தளபதியாக ஒருவர் தன் பாத்திரத்தை உருவாக்கியிருக்கலாம். விளையாட்டில் அந்தப் பாத்திரம் 25-ஆம் நிலையில் இருக்கலாம். கதையில் திருட்டுப் பழகத் தொடங்கிய சிறுவன், விளையாட்டில் ரெய்டு கவசம் அணிந்த 60-ஆம் நிலைக்காரனாக இருக்கலாம். கொடியை நட்டு மோதினால் இரண்டே நொடியில் தளபதி மண்டியிட்டு மன்றாடுவார். அதுவரை எழுப்பிய கதை அங்கேயே உடைந்துபோகும்.

ஆகவே ரோல்ப்ளே மக்களில் பலர் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். ரோல் என்னும் கட்டளையைத் தட்டினால் 1 முதல் 100 வரை ஏதேனும் ஓர் எண் எல்லோர் பார்வைக்கும் விழும். இருவரும் மாறிமாறி எண் எடுக்க, அதிக எண் பெற்றவரின் வீச்சு பட்டதாகக் கொண்டு, அது எப்படிப் பட்டது, மற்றவர் எப்படித் தடுமாறினார் என்பதை ஒவ்வொருவரும் தம் சொற்களில் எழுதுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடியக்கூடிய சண்டை ஒரு மணி நேரம் நீளும். எண்ணில் தோற்றவர் எழுதும் வரிகள்தான் பெரும்பாலும் அந்த மாலையின் சிறந்த வரிகளாக அமைகின்றன, ஏனெனில் வெற்றியைவிடத் தோல்வியை எழுதுவதற்கே பாத்திரத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவு தேவை. முடிவை முன்பே பேசிவைத்துக்கொண்டு மோதுபவர்களும் உண்டு. கொடி நட்டு நடக்கும் டூயலை இவர்கள் முற்றிலும் விலக்கிவிடுவதும் இல்லை; படைப்பிரிவின் பயிற்சி, திருவிழாப் போட்டி, புதிய வீரரைச் சேர்க்கும் சடங்கு என்று யாருடைய மானமும் பணயமாகாத நிகழ்ச்சிகளுக்கு அதையே பயன்படுத்துகிறார்கள். தோற்றவர் தானாக மன்றாடும் அந்த அசைவை மட்டும் நிறுத்திவைக்க வழியிருந்தால் இவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். தன் பாத்திரம் மன்றாடுமா, முறைக்குமா, சிரித்துக்கொண்டே எழுமா என்று முடிவு செய்யும் உரிமை எழுதுபவருக்கே உரியது.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாக்குவது ஹார்ட்கோர் சர்வர். அங்கே ஒருமுறை இறந்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. விளையாட்டாளர்கள் ஆட்ஆன் ஒன்றின் துணையோடு தாமாகவே கடைப்பிடித்துவந்த இந்த முறையை, 2023 ஆகஸ்ட் 24 அன்று ப்ளிஸார்ட் தனிச் சர்வர்களாகவே திறந்தது. கூடவே மக்கோரா என்னும் சாகும்வரை மோதும் டூயலும் வந்தது. வார்கிராஃப்ட் கதையுலகில் ஆர்க் இனத்தவர் மானத்துக்காகச் செய்யும் இருவர் போருக்கு அந்தப் பெயர். ஆர்க் தலைவர்களான த்ரால், கரோஷ் ஆகிய இருவரின் பகை நக்ராண்ட் நிலப்பகுதியில் முடிந்தது அப்படியொரு போரில்தான். ஹார்ட்கோரில் மக்கோராவுக்கு அழைத்து, மற்றவரும் ஒப்புக்கொண்டால், தோற்றவர் நிரந்தரமாக இறந்துவிடுவார். வென்றவருக்கு, கொய்த காதுகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு சரம் அடையாளமாகச் சேரும். அந்தச் சரம் அவரது வலிமையைக் கூட்டுவதில்லை. பார்ப்பவர் அஞ்சுவதற்கும் மதிப்பதற்கும் மட்டுமே அது உதவும்.

பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் உழைத்து வளர்த்த பாத்திரத்தை மூன்று நிமிடச் சண்டையில் பணயம் வைப்பதற்கு ஈடான பரபரப்பை வேறு எந்த இணைய விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் கூட மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். இருந்தாலும், மதிப்பீடு என்று வரும்போது மக்கோராவுக்குக் குறைவான மதிப்பெண்ணே தருவேன். அது கற்றுத் தருவதில்லை. தோற்றவருக்கு எட்டாவது வாய்ப்பு இல்லை. ஆர்கேன் எக்ஸ்ப்ளோஷனின் முதல் படியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க எதிரில் ஆளும் இருக்காது. அறிந்தவர்கள் அறிந்தவர்களோடு மட்டுமே மோதுவார்கள். வெல்வோம் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அழைக்கவே மாட்டார்கள். ஹார்ட்கோரில் சாதாரண டூயலுக்கே ஓர் ஆபத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒற்றை உயிர்ப்புள்ளியோடு மண்டியிட்டிருப்பவர் அருகில் ஒரு விலங்கு வந்துவிட்டால், விளையாட்டாகத் தொடங்கியது நிரந்தர மரணமாக முடியலாம். அதனால் ஹார்ட்கோரில் டூயல் செய்பவர்கள் அரக்கர்களே வராத இடமாகப் பார்த்துத்தான் கொடி நட வேண்டும். கதையுலகின் மரபை இவ்வளவு நேர்மையாக விளையாட்டின் விதியாக்கியதற்காக மக்கோராவைப் போற்றுகிறேன். ஆனால் டூயல் ஒரு பள்ளிக்கூடம் என்றால், மக்கோரா அதன் இறுதித் தேர்வு மட்டுமே. அதைத் தனியாக எழுத முடியாது.

மற்ற விளையாட்டுகளோடு ஒப்பிட்டால், கிளாசிக் தரும் சுதந்திரத்தின் அளவு விளங்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-இல் வெளியானாலும் டூயலை 2016 அக்டோபரில்தான் சேர்த்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் அதற்கென்று ஒதுக்கப்பட்ட வுல்வ்ஸ் டென் துறையில் மட்டுமே மோத முடியும். கில்டு வார்ஸ் 2 திறந்த உலகில் டூயலையே அனுமதிப்பதில்லை. கில்டு என்னும் விளையாட்டாளர் குழுவின் மண்டப அரங்கம் போன்ற தனி இடங்களுக்குத்தான் போக வேண்டும். தொல்லை குறையும் என்ற வகையில் அந்த முடிவுகளில் நியாயம் உண்டு. எனினும், வழிப்போக்கில் ஒருவரைச் சந்தித்து, வணங்கி, கொடி நட்டு, மோதி, பிறகு சேர்ந்தே குகைக்குள் போகும் அனுபவம் அங்கெல்லாம் கிடைக்காது. கிளாசிக்கில் எனக்குக் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர் முதலில் என்னைத் தோற்கடித்தவர்கள்.

நம் ஊரிலிருந்து விளையாட நினைப்பவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து ஐரோப்பியச் சர்வருடன் இணையும்போது எனக்குத் தாமதம் 150 மில்லிநொடிக்குக் கீழே இறங்குவதில்லை. ரெய்டில் இதை உணரவே மாட்டீர்கள். டூயலில் உணர்வீர்கள்: எதிராளி மந்திரம் சொல்லத் தொடங்கியதைப் பார்த்து கவுன்டர்ஸ்பெல்லை அழுத்தினால், சில சமயம் அது சென்று சேர்வதற்குள் மந்திரம் முடிந்திருக்கும். இதைச் சமாளிக்க முடியும். கண்ணால் பார்த்து எதிர்வினையாற்றுவதைக் குறைத்து, எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று ஊகித்து முன்கூட்டியே செயல்படப் பழக வேண்டும். ரோக், ஹன்டர் போன்று தொடக்கத்தைத் தாமே தீர்மானிக்கும் வகுப்புகளுக்குத் தாமதம் அவ்வளவாகத் தடையாவதில்லை. எதிராளியின் மந்திரத்தைத் தடுத்தே வெல்ல வேண்டிய வகுப்புகளுக்குத்தான் கடினம்.

டூயலுக்காக மட்டுமே இந்த விளையாட்டில் சேரலாமா என்று கேட்டால், 60-ஆம் நிலையை எட்டுவதற்குப் பல வாரங்கள் ஆகும் என்பதால் வேண்டாம் என்பேன். ஆனால் கிளாசிக்கை ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்து டூயலின் பக்கமே போகாதவர்கள், கொடுத்த சந்தாவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். 20-ஆம் நிலையிலேயே தொடங்கிவிடுங்கள். ஹார்ட்கோர் அல்லாத சர்வரைத் தேர்ந்தெடுங்கள். மக்கோராவுக்கு ஆசை இருந்தால் அதன் பிறகு போகலாம். பையில் இருபது குவளைத் தண்ணீராவது வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட இரண்டு மூன்று நிலை மேலே இருப்பவரை அழையுங்கள், தோற்றால் எதனால் தோற்றேன் என்று வெளிப்படையாகவே கேளுங்கள், பெரும்பாலோர் சொல்வார்கள். பானம், கையெறி குண்டு, நீண்ட கூல்டவுன் ஆகிய மூன்றும் உண்டா இல்லையா என்பதை மட்டும் கொடி நடுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.